கன்னம் மாற்றியவர்

விசிலை வாயின் வலப்பக்கம் கவ்வுவதால், பேருந்து நடத்துநர் வேதமாணிக்கம் இருபது ஆண்டுகளாகப் புகையிலையை இடக்கன்னத்திலேயே அதக்கிவந்தார். வலப்பக்கக் கடைவாய்ப்பல் வலிக்கிறதென்று போனபோது, பல் மருத்துவர் இடக்கன்னத்தையே நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

“இந்த வெள்ளைத் திட்டு எப்போலேருந்து?”

“வலிக்கவே இல்லீங்களேம்மா.”

“வலிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டது நல்லதுங்க. புதன்கிழமை வாங்க, துளி சதை எடுத்துச் சோதிக்கணும். புகையிலைய இன்னையோட விட்டுடுங்க.”

மறுநாள் பேருந்தில் அவர் நாக்கு அந்தத் திட்டை விட்டு நகர மறுத்தது. இரண்டு பேருக்குப் பயணச்சீட்டைத் தவறாகக் கிழித்துக் கொடுத்தார். புதன்கிழமைக்குள் அது கரைந்துவிட்டால் போகவே வேண்டாமே என்று தோன்றியது. இடக்கன்னத்துக்கு ஓய்வளிப்பதாக எண்ணி, புகையிலையை வலக்கன்னத்துக்கும் விசிலை இடப்பக்கத்துக்கும் மாற்றி ஊதினார்.

“என்னண்ணே,” என்றார் ஓட்டுநர், திரும்பாமலே. “விசில் அழுவுது?”