இரண்டாவது டப்பா

சாமி மாடத்திலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தாள்.

ஒன்று பித்தளை. கோவில் திருநீறு.

மற்றது பழைய பிஸ்கட் டப்பா. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினாள்.

கூடத்தில் தண்டபாணி காத்திருந்தான். அவள் புருஷனின் தம்பி. பக்கத்தில் அவன் மகள் பவானி, கல்யாணப் பெண். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பத்திரிகை. எல்லாம் முறையாகத்தான் கொண்டுவந்திருந்தான். முறை தெரியாதவனா அவன்.

பதினொரு வருடத்தில் இந்தப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. பெண்ணுக்குப் பெரியப்பா வீட்டில் யாரும் இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருப்பார்கள்.

அவன்மேல் அவளுக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. மறைக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பதினொரு வருடத்துக்கு முன் சுமத்ராவில், ஓர் எரிமலையின் அடிவாரத்தில், அவர்களுக்கு ஒன்பது கறவை மாடு இருந்தது. ஒரு லாரி. கால் முறிந்து கட்டிலில் கிடந்தார் அவள் புருஷன் குழந்தைவேலு.

பத்து மணிக்கு மலை வெடித்தது. பதினொன்றுக்கு வானம் இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழைச் சத்தம். கையை நீட்டினாள். கை நனையவில்லை, நரைத்தது.

சாம்பல்.

லாரியைத் தண்டபாணிதான் ஓட்டுவான். இரண்டு மணிக்கு மாடுகளை முதலில் ஏற்றினான்.

"கீழ ஊர்ல இறக்கிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடுறேன் அண்ணி. அண்ணனப் பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டாள். ஈரத் துணியை அவர் மூக்கில் கட்டினாள். துணி அட்டையாக விறைத்தது. வேறு துணி. அதுவும் விறைத்தது.

மூன்று மணிக்கு நிஜ மழை பிடித்தது. காய்ந்த சாம்பலைக் கூரை தாங்கும். நனைந்ததை எந்தக் கூரையும் தாங்காது. இது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஐந்து மணிக்குக் கூரை இறங்கியது.

லாரி வருகிறதா என்று பார்க்க அவள் வாசலுக்கு வந்திருந்தாள். அதனால் பிழைத்தாள்.

மேலே வரும் வழியில் பாலத்தை மூடிவிட்டார்கள், காலில் விழுந்தும் விடவில்லை என்று காரியத்தன்று தண்டபாணி கதறினான். ஊரே அவனைத் தேற்றியது. அவளும் தேற்றினாள். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசும்.

பாலத்தை மூடியது இரவு ஏழு மணிக்கு. அங்கே காவல் நின்ற போலீஸ்காரனே இரண்டு வருடம் கழித்துச் சொன்னான்.

மூன்று மணி கறவை நேரம். மடி கட்டிக்கொண்டு மாடுகள் கத்தியிருக்கும். கறந்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்துவிட்டான். ஒன்பது மாடு. கடைசி மாட்டைக் கறந்து எழுந்தபோது ஆறு மணியாம். கொட்டிலில் இடம் கொடுத்தவன் சொன்னது.

ஒன்பதும் பிழைத்தன. அவற்றின் கன்றுகள்தான் இந்தக் கல்யாணத்தை நடத்துகின்றன.

பிஸ்கட் டப்பாவில் இருப்பது குழந்தைவேலுவின் மார்பின் மேலிருந்து வாரிய சாம்பல். கட்டியாக இருந்ததை வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து வைத்தாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது.

திருநீறு வாங்கப் பவானி முதலில் குனிந்தாள்.

பித்தளை டப்பா. நெற்றியில் வெள்ளைப் பட்டை. மனசார வாழ்த்தினாள். இந்தப் பிள்ளை என்ன செய்தது, பாவம்.

அடுத்து தண்டபாணி குனிந்து கண்ணை மூடினான்.

பிஸ்கட் டப்பா.

அழுத்தித் தேய்த்தாள். சாணத்துத் திருநீறு மாவாகப் படியும். மலைச் சாம்பல் அப்படியில்லை, அரைத்த கண்ணாடி. தோலை இழுத்துக்கொண்டு போயிற்று.

அவன் கண் திறந்தான்.

"வாயிலயும் கொஞ்சம் போட்டுக்குங்க தம்பி."

பழக்கத்தில் உள்ளங்கை நீண்டுவிட்டது. நிறத்தைப் பிறகுதான் பார்த்தான். கோவில் திருநீறு இப்படிச் சிமெண்டு நிறத்தில் இருக்காது.

அவள் தாராளமாகவே வைத்தாள்.

அவன் உள்ளங்கையை மெல்லச் சாய்த்தான்.

"சிந்துதுப்பா, போட்டுக்குங்க" என்றாள் பவானி.

போட்டுக்கொண்டான்.

அவன் பல்லுக்கிடையில் அது நெரிபட்டது. அவளுக்குக் கேட்டது. அன்று மத்தியானம் குழந்தைவேலு தண்ணீர் கேட்டபோதும் இதே சத்தம்தான்.

தண்டபாணியின் கை நெற்றிக்குப் போனது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசிய திருநீற்றை யாராவது துடைப்பார்களா. கையை இறக்கிக்கொண்டான்.

"முதல் நாளே வந்துடணும் பெரியம்மா. மணவறையில நீங்கதான் எங்க எல்லாருக்கும் திருநீறு பூசணும்."

தாலியைத் தொட அவளை விடமாட்டார்கள். புருஷன் போனவள். திருநீற்றுக்கு அந்தத் தடை கிடையாது.

"வர்றேன் கண்ணு. திருநீறு இங்கேருந்தே கொண்டாறேன்."

தண்டபாணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

அவள் இரண்டு மூடிகளையும் இறுக்கினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு டப்பாக்களையும் ஒரே பைக்குள் வைத்தாள்.