ஒரு சாக்கு வலது ஷூ

தடை ஓட்டத்தில் தண்ணீர்க் குழியைத் தாண்டும்போதெல்லாம் பேச்சியம்மாளின் இடது கால்தான் தண்ணீரில் இறங்கும். இடது ஷூ சீக்கிரமே இற்றுப்போகும். வலது புதுசாகவே மிஞ்சும். பன்னிரண்டு வருஷத்து வலது ஷூக்கள் வீட்டில் ஒரு சாக்கு நிறைய. "ஓடுனது போதும். நீ வர்றதுக்குள்ள இதக் குப்பைல போட்டிருவேன்" என்று சொல்லித்தான் அக்கா விமானம் ஏற்றினாள்.

அயல்நாட்டு மைதானத்தில் ஐந்தாவதாக வந்த பேச்சி, வாய்பிளந்த இடது ஷூவைக் கழற்றினாள். பக்கத்தில் எத்தியோப்பியக்காரி கழற்றியது வலது ஷூ, அதுவும் வாய்பிளந்திருந்தது. பாதத்தோடு பாதம் வைத்துப் பார்த்தார்கள். ஒரே அளவு. அவள் சிரித்துக்கொண்டே போனில் ஒரு படம் காட்டினாள்: கட்டிலுக்கடியில் குவியலாக ஷூக்கள், அத்தனையும் இடது.

பேச்சி அவசரமாக ஊருக்குப் போன் போட்டாள். "அக்கா, சாக்கைப் போட்டுட்டியா?"

"வாசல்ல கெடக்கு. ஏன்?"

"உள்ள எடுத்து வை."