கடைசிக் காட்சிக்கு எத்தனை மதிப்பெண்

வீடியோ கேமிலிருந்து எடுத்த அந்த அனிமே தொடருக்கு இருவரும் சேர்ந்து விமர்சனம் எழுதினார்கள். காது கேளாத யூஜின் படத்தைப் பற்றி எழுதுவான். பார்வையில்லாத நிலோஃபர் ஒலியைப் பற்றி. அவள் பேசுவது அவன் போனில் எழுத்தாகும். அவன் தட்டச்சு செய்வதைப் போன் வாசிக்கும்.

கடைசிக் காட்சியில், தம்பியைக் கொன்றவனை ராணி மன்னித்து அனுப்புகிறாள்.

"எவ்வளவு நிம்மதியா சிரிக்கிறா," என்றாள் நிலோஃபர்.

"இல்ல, அழுறா. கண்ணீர் தாடை வரைக்கும் வருது," என்றது யூஜினின் போன்.

அப்படியென்றால் படமோ குரலோ, ஏதோ ஒன்று தவறு. ஒன்றுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காம் முறை ஓடும்போது யூஜின் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தான். ஒலி மங்கியதும் நிலோஃபருக்குப் புரிந்தது.

"என்ன தெரியுது?"

"நடுங்குது."

"சிரிப்பிலயா, அழுகையிலயா?"

அவன் கையை எடுக்கவில்லை. மறு கையால் மெதுவாகத் தட்டினான்: "திரும்பப் போடு."