தேருக்கு வந்த சொந்தங்கள்

“அவரு என் கூடப்பொறந்த தம்பிங்க” என்று வாய் கூசாமல் சொன்னார் தங்கையன்.

முனிசிபாலிட்டி வரி இன்ஸ்பெக்டர் பிச்சைமுத்து நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் கட்டிய அந்த ஸ்டோரின் முதல் போர்ஷனில் அந்தத் தம்பி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு காசு வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தான்.

தங்கையனுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. சித்திரைத் தேர் பார்க்க வையம்பட்டியிலிருந்து வந்தவன். நேற்றுதான் நாள் வாடகையைக் கொடுத்துவிட்டுப் பாயை விரித்தான். தேர் சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் தலை சாய்க்க இடம் கிடைக்காது. அதனால் பத்துப் போர்ஷன் உள்ள தன் ஸ்டோரில் மூன்றை மட்டும் மாதக் குடித்தனத்துக்கு விடாமல், திருவிழாவுக்குத் திருவிழா நாள் வாடகைக்கு விடுவது தங்கையனின் சாமர்த்தியம். அந்தப் பணம் முழுவதும் மகள் செல்லக்கிளியின் கல்யாணத்துக்கு என்று சேர்ந்துகொண்டிருந்தது.

விஷயம் வெளியே தெரிந்தால் போச்சு. ஸ்டோர் முழுவதற்குமே வீட்டு வரி போய் லாட்ஜ் வரி வந்துவிடும். அப்புறம் கல்யாணமாவது கத்தரிக்காயாவது! அதனால்தான் இன்ஸ்பெக்டர் தலையைக் கண்டதும் தேருக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள்.

“எப்பவும் சீட்டுதானா?”

“சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாங்க. யார் சொன்னாலும் கேக்க மாட்டான்.” கொஞ்சம் சலித்துக்கொண்டால்தான் சொந்தம் என்று நம்புவார் என்று தங்கையனுக்குத் தோன்றியது.

குழாயடியில் மண்ணச்சநல்லூர்க்காரிகள் இருவர் குடுமிப்பிடிச் சண்டையில் இருந்தார்கள். அவர்கள் யார் என்று கேட்டார் பிச்சைமுத்து.

“என் மச்சானோட சம்சாரங்க.”

“யாரு, அந்த உசரமான அம்மாவா?”

“ரெண்டு பேருமேதாங்க.”

பிச்சைமுத்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் செல்லக்கிளி காபி கொண்டுவந்து வைத்தாள். எதுவரை படித்திருக்கிறாய், சமைக்கத் தெரியுமா என்று அவளிடம் பரிவாக விசாரித்தார். நைச்சியமாகப் பேசிப் பெண்ணின் வாயைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று பயந்துபோய், அவளை உடனே உள்ளே அனுப்பிவிட்டார் தங்கையன்.

மூன்றாவது போர்ஷன் வாசலில் ஒருவன் குப்புறக் கிடந்து குறட்டை விட்டான். மதுவிலக்கு அமலில் இருக்கிற ஊரில் சாராய நெடி குடலைப் பிடுங்கியது. இவனையாவது யாரோ என்று கைகழுவிவிடலாமா என்று பார்த்தார் தங்கையன். யாரோ என்றால் வாடகைக்கு வந்தவன் என்று ஆகிவிடுமே.

“பெரியப்பா மகன்” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. “எங்க வம்சத்துல இது ஒண்ணும் புதுசில்லீங்க.”

பிச்சைமுத்து காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

“ஆக, எல்லாருமே நெருங்கின சொந்தம்?”

“ரத்த சொந்தங்க. வெளியாள் ஒருத்தர் கிடையாது.” அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தது தங்கையனுக்கு. “அப்ப வரி பழையபடிதானுங்களே?”

“வரியா? ஞாயித்துக்கிழமையில அதுக்கா வருவேன்? எங்க பெரியவனுக்கு உங்க பொண்ணைக் கேக்கலாம்னு வீட்டுல பேச்சு. அதான், சொந்தபந்தம் எல்லாம் எப்படின்னு ஒரு நடை பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.” செருப்பை மாட்டிக்கொண்டார். “பாத்துட்டேங்க.”

அவங்க யாரும் எனக்குச் சொந்தமில்லை, அத்தனை பேரும் நாள் வாடகைக்கு வந்தவங்க என்று கதற வேண்டும் போலிருந்தது தங்கையனுக்கு; ஆனால் அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவரேதான் வரி போடுகிற ஆள்.