ஆறாவது இடம்

"செத்துப்போனதைத் தூக்கி எறிஞ்சா ஒரு இடம் காலியாவுது. அதுக்கு எதுக்குய்யா இம்மாம் பெரிய பெட்டி?"

ராஜம்மா தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். புதுப் பெட்டி உள்ளே வந்தால் மெஷின் வெளியே போகவேண்டும். வீடு அவ்வளவுதான்.

அவள் புருஷன் கண்ணப்பன் இரண்டு பெட்டிகளையும் அளந்துகொண்டிருந்தார். பழையதில் ஆறு இடம். புதியதில் ஒன்பது.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாட்யூல். ஒன்று சத்தம் எழுப்பும், ஒன்று அதை இழுக்கும், ஒன்று நறுக்கும். நடுவில் ஒயர்களைக் குத்தி, மாற்றி மாற்றி வாசிக்கவேண்டும். மாடுலர் சிந்தசைசர் என்று பேர். பம்புசெட்டு இருமுற மாதிரி கீது என்பது ராஜம்மாவின் கருத்து.

இப்போது ஏழாவதாக, எதிரொலி கொடுக்கும் மாட்யூல் ஒன்று கூரியரில் வந்திருந்தது. பெட்டியில் இடமில்லை.

இடம் இருக்கத்தான் செய்தது. ஆறாவது இடத்தில் இருந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பே எரிந்துபோன மாட்யூல்.

"அது அங்கியே இருக்கட்டும். பாக்கறப்பல்லாம் ஜெபகுமார் ஞாபகம் வரணும்."

"சாமி படம் மாதிரி மாலை போட்டு வச்சுக்கோ."

ஜெபகுமார், அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டும் லைனில் இருப்பவன். தண்டலம் பக்கம் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். இந்தப் பெட்டிப் பைத்தியத்தை அவருக்கு ஒட்டவைத்ததே அவன்தான்.

அது எரிந்த அன்று, நைட் ஷிப்ட் முடித்த கையோடு, தூங்காமல் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆறாவதைப் பொருத்தினார்கள். ஜெபகுமார் சுவிட்சைப் போட்டான். புகை வந்தது.

அவனே ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒயரில் கரண்ட் வரும் பக்கத்து முனையை மட்டும் உருவிவிட்டு, மாட்யூலில் குத்தியிருந்த முனையை அப்படியே விட்டுத் திரும்ப மூடினான்.

"என் தப்புதான்ணா. ஒயரைத் திருப்பி மாட்டிட்டேன்."

மாட்யூலுக்குக் கரண்ட் கொண்டுவரும் பட்டை ஒயரில் சிவப்புக் கோடு ஒன்று ஓடும். அது கீழே வரவேண்டும். மேலே வந்தால் மாட்யூல் எரியும்.

அன்றோடு பேச்சு நின்றது. அவன் மூடியதைக் கண்ணப்பன் திறக்கவே இல்லை.

"நான் ஒருவாட்டி பாத்திருந்தா எரிஞ்சிருக்குமா?" இதை மட்டும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. சூப்பர்வைசர் சங்கரநாராயணன்.

"அண்ணாச்சி, அடுத்த மாசம் ரிடையர் ஆகப்போறீங்கள்லா? உங்க இடத்துக்கு ஒரு செக்கர் போடணும். ஜெபகுமார் பேரு வந்திருக்கு. எட்டு வருஷமா கான்ட்ராக்ட்ல கிடக்கான். செக்கர் ஆயிட்டாம்னா பர்மனென்ட். உங்க ஒரு வார்த்தை போதும்."

"வேணாம் சார்."

"ஏன் அண்ணாச்சி? கை சுத்தமான பய."

"ஒயரைத் தலைகீழா மாட்டுனவன் சார். அவனே ஒத்துக்கினான்."

"ஒரு தப்புதான?"

"செக்கருக்கு ஒரு தப்பே போதும்."

"நீங்க சொன்னா சரிதான். இருபத்திரண்டு வருஷத்துல உங்க டிக் போட்டு ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல. அப்போ இசக்கிசெல்வி பேரை அனுப்பிடுதேன். லிஸ்ட் இப்பவே போகுது."

அந்த டிக் லைன் முழுக்கப் பிரசித்தம். சரிபார்த்ததும் வெள்ளை மார்க்கரில் ஒரு டிக், அதன் கீழே ஒரு புள்ளி. வேறு யாரும் புள்ளி வைப்பதில்லை. வீட்டிலும் கை சும்மா இருக்காது. கேஸ் ரெகுலேட்டர், மோட்டார் சுவிட்ச், ராஜம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றிலும் அது உண்டு.

"எட்டு வருஷம்யா," என்றாள் ராஜம்மா. "ரெண்டு புள்ளைங்களை வச்சிக்கினு கீறான். வயித்துல அடிச்சிட்டியே."

"நான் அடிக்கல. அவன் கைதான் அவனை அடிச்சது. மெஷினை நகத்து. புதுப் பெட்டிதான்."

"அப்பவும் செத்ததுக்கு ஒரு இடம்?"

"அதுக்கும் ஒரு இடம்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே மெஷினை வாசல்வரை தள்ளினாள். அவர் ஐந்து மாட்யூல்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதுப் பெட்டியில் பொருத்தினார். ஆறாவதுக்கு வந்தார். ஸ்குரூ துருப்பிடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

போனில் மெசேஜ் வந்து விழுந்தது. "லிஸ்ட் போயாச்சு அண்ணாச்சி."

"டார்ச் அடி."

ராஜம்மா போனை எடுத்து வெளிச்சம் காட்டினாள். கண்ணப்பன் மாட்யூலைக் கவிழ்த்துப் பிடித்தார். கண்ணாடியைத் தேடவில்லை. சிவப்புக் கோடு கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"பாத்தியா? கோடு மேல கீது! ரெண்டு வருஷமா என்னமோ நான் வீண்பழி போடற மாதிரி பேசிக்கினு இருந்தியே. இப்ப இன்னா சொல்ற? நல்லா கிட்ட வந்து பாரு!"

ராஜம்மா கிட்ட வந்து பார்த்தாள். வாசலில் நின்ற தையல் மெஷினை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"கோடு மேலதான் கீது," என்றாள். "பக்கத்துலயே வெள்ளையில ஒரு டிக்கும் கீதுய்யா. கீழ புள்ளியோட."