ரேடியோ ஓய்ந்த மதியம்

நடுவானில் கிழட்டுக் குட்டி விமானத்தின் ரேடியோ செத்துப்போனது. எரிபொருளும் குறைந்துகொண்டிருந்தது. அனுமதி கேட்காமல் இறங்கினால் வேறு விமானத்தோடு மோத நேரலாம். ரேடியோ இல்லாத அந்தக் காலத்தில் செய்ததுபோல, அது கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றிவந்து இறக்கைகளை ஆட்டியது.

கோபுரத்தில் தூசி படிந்து கிடந்த சைகை விளக்கு அதைக் கண்டுகொண்டது.

“அடடே, நீயா! எத்தனை வருஷமாச்சு! கொஞ்சம் பொறு” என்று சிவப்பாக எரிந்தது.

சிவப்பின் அர்த்தம் விமானத்துக்கு மறக்கவில்லை. பெரிய விமானம் ஒன்று இறங்கி ஒதுங்கும்வரை வட்டமிட்டது. பிறகு பச்சை எரிந்தது.

தரையில் வந்து நின்றதும் விமானம் தயங்கித் தயங்கிச் சொன்னது: “ரேடியோ வந்த பிறகு உன் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கலையே.”

“நீ இறங்கும்போதெல்லாம் நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்” என்றது விளக்கு.