தீவில் தொங்கிய திண்டுக்கல் பூட்டு

"கடல் தாண்டிப் போயி என் மானத்த வாங்கிட்டீங்களே பாய்!" என்று ஒரு பூட்டை மேசைமேல் எறிந்தார் ஞானராஜ். எறிந்த வேகத்தில் பூட்டுக்கடை ஜெகபர் அலியின் டீ கிளாஸ் துள்ளி, நல்லவேளையாக நின்றது.

"ஏன் சார், பூட்டு தானா தொறந்துக்கிச்சா?"

"தொறக்கலய்யா! தொறந்திருந்தா நான் ஏன் இங்க வாரேன்?"

ஞானராஜ் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். எண்பத்தாறு மே விடுமுறையில், சின்னப்பர் என்கிற புனித பவுல் கால்வைத்த கிரேக்கத் தீவுக்கு, பங்கு மக்கள் இருபத்திரண்டு பேரை யாத்திரை கூட்டிப்போய் வந்தவர். பழனி லாட்ஜுக்குப் போனாலே சொந்தப் பூட்டோடு போகிற ஊர் இது. ஆகவே இருபத்திரண்டு பெட்டிக்கும் ஜெகபர் அலி கடைப் பூட்டுத்தான். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும்; திறக்கத்தான் சாவி வேண்டும்.

"ஏர்போர்ட்ல எங்க பெட்டிப் பூட்ட எவனோ களவாண்டுட்டான். கயித்தக் கட்டிக் கொண்டாந்தேன். அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். இதப் பொறுக்க ஏலாது பாய்."

"எத சார்?"

"நாலு நாளு. பதினோரு கோயிலு, ஆறு மியூசியம். நிமிஷக் கணக்கா சீட்டெழுதி வச்சுக் கூட்டிட்டுப் போனேன். மூக்கு ஒடஞ்ச சிலைக்குக்கூட அஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருந்தேன்!"

"சீட்டுல கக்கூசுக்கு எடம் இல்ல" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மனைவி ஜெயமேரி. செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கணுக்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"நீ சும்மா இரு மேரி. கடைசி நாளு, பாய். முந்நூறு படி ஏறினா எழுநூறு வருஷத்துக் கோயிலு. காலையில அத முடிச்சாச்சு. கோயிலுக்குப் பின்னாடியே மியூசியம். புயல்ல தப்பிச்ச மாலுமிங்க மாதாவுக்கு நேர்ந்து குடுத்த வெள்ளிக் கப்பலு அம்புட்டும் அங்கதான் இருக்கு. சாப்பாட்டுக்கு எறங்கிட்டு மறுபடி முந்நூறு படி ஏறி வந்து பாத்தா, இரும்புக் கதவுல திண்டுக்கல் பூட்டு தொங்குது!"

"அட ஆண்டவனே!"

"வாசல்காரன் கைல இருந்த சாவியெல்லாம் போட்டுப் பாத்தான். அசையல. நம்ம கூட்டம் என்ன செஞ்சுச்சு தெரியுமா? பொழுது சாயுற வரைக்கும் கடல்ல கால நனச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. சிரிப்பு வேற! சின்னப்பர் அதுக்கா அங்க எறங்குனாரு?"

"கடலு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஜெயமேரி.

ஞானராஜ் திரும்பி முறைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார். "அந்தக் கோயில் சாமியார் எழுதியிருக்காரு. ரெண்டு நாள் மியூசியம் தொறக்கலயாம். ரம்பத்துல நாலு பிளேடு ஒடஞ்சு, அஞ்சாவதுலதான் அறுந்துச்சாம். பூட்டையும் பார்சல்ல அனுப்பி வச்சிருக்காரு."

"நாலு பிளேடா!" முகத்தில் வந்த சந்தோஷத்தை ஜெகபர் அலி துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பூட்டுக்குப் பூட்டு நம்பர் அடிப்பீங்கள்ல? யாருக்கு வித்ததுன்னு நோட்டுல பாத்துச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், கோயில்ல எல்லாருக்கும் முன்னாடி நிறுத்திக் கேக்குறேன். எவனா இருந்தாலும் விடமாட்டேன்!"

ஜெகபர் அலி கண்ணாடியை மாட்டினார். பூட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். நோட்டைப் புரட்டினார், ஒரு பக்கத்தில் விரல் வைத்தார், நிமிர்ந்து கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். நோட்டை மூடிவிட்டார்.

"நம்பர் இருந்த எடத்துலயே ரம்பம் போட்டிருக்கான் சார். ஒண்ணும் தெரியல."

ஞானராஜின் காது சிவந்தது. "சரி. அடுத்த மே மாசம் மறுபடி போறோம்! விட்டுப்போன மியூசியம் ஒண்ணு, பக்கத்துத் தீவுல மூணு. நாலையும் பாக்காம திரும்ப மாட்டேன். கால் கழண்டு விழுந்தாலும் சரி. மேரி, வா!"

வெளியே போய் ஸ்கூட்டரை உதைக்க ஆரம்பித்தார். கோபத்தில் உதைத்தால் அது கிளம்பாது; ஊருக்கே தெரியும்.

ஜெயமேரி மெதுவாக எழுந்து செருப்பை மாட்டினார். மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அதே மாதிரி நாலு பூட்டு எடுத்து வைங்க. சாவி வேணாம்."